வழியனுப்ப வந்த கலங்கரை விளக்கம்

புன்னைத்துறையின் கலங்கரை விளக்கம் ஒரு புதன்கிழமை மாலை தன் இடத்தைவிட்டுக் கிளம்பி, கோபிசெட்டிபாளையத்திலிருந்து தனியாக ஊர் சுற்றிப்பார்க்க வந்திருந்த பூங்கோதை என்ற பெண்மணியின் பின்னால் லாட்ஜ் வரைக்கும் வந்துவிட்டதற்கு, மண்ணரிப்பு, நீரோட்டம், கிழக்கே எங்கோ நடந்த நிலநடுக்கம் என்று படித்தவர்கள் பிற்பாடு பல காரணங்கள் சொன்னார்கள் என்றாலும், ஊர்க்காரர்கள் அன்றைக்கே சொன்ன காரணம்தான் சரியானது. அந்த அம்மாள் அதனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

கலங்கரை விளக்கம் என்பதுதான் பழைய, நல்ல தமிழ்; அதைக் கலங்கரை விளக்கு என்று சுருக்கியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு; ஆனால் புன்னைத்துறையில் இந்த இரண்டையுமே யாரும் சொல்வதில்லை, அவர்களுக்கு அது லைட்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்த லைட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்த நூறு வருடமும் மனிதர்கள் வந்தார்கள், டிக்கெட் வாங்கினார்கள், மூச்சிரைக்க மேலே ஏறினார்கள், கடலைப் பார்த்து ஆகா என்றார்கள், சுவரில் தங்கள் பெயரையும் தங்களைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகாத ஒருவரின் பெயரையும் கீறினார்கள், வேர்க்கடலைத் தோலைக் காலடியில் கொட்டினார்கள், போனார்கள். போகிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பூங்கோதை அப்படிப்பட்டவள் இல்லை. ஐம்பதைத் தாண்டியவள், பால் சொசைட்டியில் பாலின் கொழுப்பைச் சோதித்துச் சொல்கிற வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூட இருந்த அம்மாவும் போன வருடம் போய்ச் சேர்ந்தாள். கொங்குநாட்டு மரியாதை முழுக்க அவள் நாக்கில் குடியிருந்தது. டாக்டரிடம், கண்டக்டரிடம், அம்மன் சன்னதியில், எங்கேயும் "போயிட்டு வர்றேனுங்க" என்று சொல்லாமல் அவள் நகர்ந்ததில்லை; ஏடிஎம் இயந்திரத்திடம்கூடச் சொன்னாள் என்று சொசைட்டியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் புதன்கிழமைதான் அவள் முதல்முதலாகக் கடலைப் பார்த்தாள், லைட்டின் உச்சியிலிருந்து. வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்து, வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்த அந்தச் சுவரைத் தொட்டு, "ரொம்ப நல்லா இருந்துதுங்க. போயிட்டு வர்றேனுங்க" என்றாள்.

புன்னைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லிக்கொண்டு கிளம்புகிற விருந்தாளியைப் பஸ் ஏற்றிவிடும்வரை கூடப் போக வேண்டும்; பஸ் ஐஸ் பேக்டரி வளைவில் மறையும்வரை நிற்க வேண்டும்; அதற்குமுன் வீட்டுப்பக்கம் முகத்தைத் திருப்பினால் அது உறவை அறுத்துக்கொள்வதற்குச் சமம். அப்படித் திரும்பிய ஒரு மாமனாரால் நின்றுபோன நிச்சயதார்த்தம்கூட உண்டு. நூறு வருடம் உயரத்தில் நின்று இந்த வழியனுப்பல்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லைட்டுக்கு, தன்னிடம் முதல்முறையாக ஒரு விருந்தாளி சொல்லிக்கொண்டபோது என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பூங்கோதை பஸ்ஸுக்குப் போகவில்லை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை லாட்ஜில் ரூம் இருந்தது.

ஆகவே லைட்டு லாட்ஜின் பின்னால் முருங்கைமரத்தை ஒட்டி நின்றுகொண்டது. அது நடப்பதை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் வேறு எதையாவது பார்க்கும் சமயத்தில் அது நடந்தது, மணலில் உரலை இறக்கி இறக்கி வைத்ததுபோல வட்டம் வட்டமாகத் தடம் மட்டும் கிடந்தது.

லாட்ஜ் முதலாளி மீராசா காலையில் பல்துலக்க வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மாடி வராந்தாவில் நின்ற பூங்கோதையிடம் சொன்னார்.

"எம்மா, ஒங்க கூட வந்தவரு வெளியதான நிக்காரு, அவருக்கு வாடகை வேண்டாம். ராத்திரி வெளிச்சம் கக்கூஸ் ஜன்னல் வழியா சுத்திச் சுத்தி வருது, அத மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடச் சொல்லுங்க."

"நான் கூட்டிட்டு வரலீங்க."

"சொல்லிட்டு வந்தீங்களா?"

"சொல்லாம எப்படீங்க வர்றது?"

"அப்ப நீங்கதான் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார் மீராசா, டீ சொல்லி அனுப்பினார்.

எட்டு மணிக்குள் ஊர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. லைட்டு ஊழியர் தாவீது தன் மேசையையும் நாற்காலியையும் டிக்கெட் கட்டையும், எச்சில் துப்பாதீர் என்ற பலகையையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து புதிய இடத்தில் இறக்கினார்; லைட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தன் டியூட்டி, அது எங்கே இருக்க வேண்டும் என்பது மேலிடத்தின் கவலை என்பது அவர் கட்சி. கருவாடு காயப்போடும் பெண்கள் நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று பார்த்துப் பாயை நகர்த்திக்கொண்டார்கள். முடிதிருத்துகிறவர் நாற்காலியை வெளியே எடுத்து அந்த நிழலிலேயே போட்டார். சாயங்காலத்துக்குள் ஆட்டோக்காரர்கள் "லைட்டு ஸ்டாப்" என்று ஒரு நிறுத்தம் ஏற்படுத்தி, அது நகர நகர நிறுத்தத்தையும் நகர்த்தினார்கள்.

பூங்கோதை ஊர் சுற்றினாள், லைட்டும் சுற்றியது. சிவப்பு மணல்மேடுகளான தேரியைப் பார்க்கப் போனபோது அது பனைமரங்களுக்கு நடுவில், உயரத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிற நெட்டைப் பையன்போலக் கூச்சத்தோடு நின்றது. உப்பளத்துக்குப் போனபோது வரப்பின் ஓரமாகவே வந்து, வெள்ளைக் குவியல்களுக்குப் பக்கத்தில் நீளமான நிழலை விரித்தது. உப்பு வாருகிறவர்கள் அந்த நிழலில் வரிசையாக உட்கார்ந்து, மேஸ்திரி கத்தக் கத்தக் கஞ்சி குடித்தார்கள். அவள் சிப்பி பொறுக்கினால் அது கடலைப் பார்த்துக்கொண்டது. அவள் புடவை ஈரமாகிப் பாறைமேல் உட்கார்ந்து காயவைத்தால் அது கண்ணியமாக வேறு பக்கம் திரும்பி நின்றது, வட்டமான ஒன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரிந்தது.

ஊருக்கு வந்த முதல்நாள் அவள் நுழைந்த ஹோட்டலில் எல்லாம் "ஒரு ஆளுதானா?" என்று கேட்டு, கைகழுவும் இடத்தை ஒட்டிய மேசையைக் காட்டியிருந்தார்கள். இப்போது யாரும் கேட்கவில்லை. ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு நடு மேசையைத் துடைத்துக் கொடுத்தார்கள்.

சர்ச்சுக்கு அவள் போனபோது மட்டும் சின்ன ஒரு பரபரப்பு. இரட்டைக் கோபுரம் வைத்த பழைய கோவில் அது. பங்குத்தந்தை வலேரியன் அங்கியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

"வாங்கம்மா. செபம் பண்ணுங்க, மெழுகுவத்தி ஏத்துங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க. போகும்போது மட்டும் இங்க யார்கிட்டயும் எதுகிட்டயும் ஒண்ணும் சொல்லிக்கிடாதீங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு மூணு கல்யாணம் இருக்கு."

"சொல்லாமப் போனா மரியாதையா இருக்காதுங்களே, சாமி."

"மாதா கோவிச்சுக்கிட மாட்டாக. நான் எடுத்துச் சொல்லுதேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். சொல்லாமல் விட்ட வார்த்தை அன்றைக்கு முழுக்க மீன்முள்போல அவளைக் குத்தியது.

வெள்ளிக்கிழமை காலையில்தான், பஸ் நிறுத்தத்தை ஒட்டி கஸ்பார் பேக்கரி நடத்தும் பெர்னதெத்துக்கு, ஊரே மறந்துபோன ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் புருஷன் கஸ்பாரும் இன்னும் நான்கு விசைப்படகுக்காரர்களும் ஒரு வாரமாகத் தங்குகடலில் இருந்தார்கள், ஆழத்தில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள். சனிக்கிழமை இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார்கள். துறைக்குள் நுழையும் வழியில் தண்ணீருக்குள் ஆனைப்பார் என்ற பாறை படுத்திருக்கிறது. கோவில் கோபுரத்துக்கு வலதுகைப் பக்கம் லைட்டை வைத்துக்கொண்டு வந்தால் பாறையைத் தாண்டிவிடலாம், அப்பன் பாட்டன் காலத்துக் கணக்கு அது. இப்போது லாட்ஜுக்குப் பின்னால் நிற்கும் லைட்டை அதே கணக்கில் வைத்துக்கொண்டு வந்தால் படகு நேராகப் பாறையின் மேல்தான் ஏறும்.

இந்தக் காலத்தில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கிற வாசகருக்கு: இருக்கிறது, எல்லாப் படகிலும் இருக்கிறது, ஆழ்கடலில் அதைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் சொந்த வீட்டு வாசலுக்கு வந்தபிறகு யாரும் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டவில்லை. எதிரே ஒரு வள்ளத்தை அனுப்பலாம் என்றால், அவர்கள் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று கடலுக்கே தெரியாது.

பேக்கரி முன்னால் ஊர் கூடியது. முதலில் தாவீது முயன்றார். லாட்ஜுக்குப் பின்னால் போய், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "அரசாங்கச் சொத்து, அரசாங்கம் வச்ச எடத்துல நிக்கணும், போவும்வே" என்று அதட்டினார். லைட்டு கேட்டுக்கொண்டது, நகரவில்லை. பிறகு விஷயத்தை முழுக்கச் சொல்லாமல் பூங்கோதையையே கூப்பிட்டு, திரும்பிப் போகச் சொல்லச் சொன்னார்கள். அவளும் சுவரைத் தொட்டு, "நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க, நீங்க இருங்க, நானே போயிக்கிறேனுங்க" என்றாள். அங்கே நின்ற எல்லோருக்கும் நம்பிக்கை போய்விட்டது. எல்லா விருந்தாளியும் சொல்வது அதுதான்; அதைக் கேட்டு எந்த வீட்டுக்காரரும் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

வழி ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் பஸ் ஏற வேண்டும். விருந்துக்கு வந்தவளைப் பார்த்து, கிளம்பு என்று சொல்லும் வாய் மட்டும் புன்னைத்துறையில் ஒன்றுகூட இல்லை. முதலில் மீராசாவை அனுப்பினார்கள். அவர் அரைமணிநேரம் பேசிவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை ஆச்சே, மத்தியானம் நம்ம வீட்டில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டேன் என்றார். அடுத்துத் தாவீதை அனுப்பினார்கள். திங்கட்கிழமை பக்கத்து ஊரில் சப்பரம் வருகிறது, அதையும் பார்க்காமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"போகச் சொல்லத்தானவே ஒம்ம அனுப்புனோம்?"

"சொல்லத்தான் போனேன். அந்தம்மா எந்திரிச்சு நின்னு ‘வாங்க, ஒக்காருங்க’ங்குது. ஒக்காந்த பெறவு எப்படிய்யா சொல்ல?"

பெர்னதெத் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரிலேயே நாக்கு நீளம் என்று பெயர் எடுத்தவள், மீன் ஏலத்தில் ஆண்களையே திணறவைத்தவள், அவளாலும் முடியவில்லை.

வெள்ளி சாயங்காலம் பூங்கோதை டீ குடிக்கப் பேக்கரிக்கு வந்தாள். மறுநாள் அவளுக்கு மிக முக்கியமான நாள். வந்த அன்றைக்கே முன்பணம் கொடுத்து ஒரு பைபர் படகைப் பேசிவைத்திருந்தாள். பக்கத்தில் இருக்கும் தீவு வரைக்கும் போய்த் திரும்புவது. உண்மையில் தீவு அவளுக்குப் பொருட்டில்லை. கடல் மேலிருந்து கரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உச்சியிலிருந்து கடலைப் பார்த்த புதன்கிழமையிலிருந்தே அந்த ஆசை.

பெர்னதெத் டீயில் சர்க்கரை போட்டாள், இன்னொரு தரம் போட்டாள், கடலைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தரமும் போட்டாள்.

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாவதுங்களா?"

"ஒண்ணுமில்ல மைனி."

"நீங்க முந்தாநேத்து என்கிட்ட மூச்சுவிடாமப் பேசுனீங்க. இன்னிக்கு ஒரு வார்த்தை இல்லீங்க. ஊர்ல எல்லாரும் என்னைப் பார்த்தா சாப்புடச் சொல்றாங்க, அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கறாங்க. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனுங்களா?"

பெர்னதெத் முந்தானையால் கையைத் துடைத்தாள். பூங்கோதையைப் போ என்று அவள் சொல்லவே இல்லை. கஸ்பாரைப் பற்றி மட்டும் சொன்னாள். அவர் கரையேறியதும் முதலில் பன் கேட்பார், ரொட்டி கேட்கமாட்டார், பன் தான் என்றாள். இருட்டுகிற நேரத்துக்கு எப்படி வருவார்கள், எதைப் பார்த்து வருவார்கள், ஆனைப்பார் எங்கே இருக்கிறது என்று பிஸ்கட் டப்பாக்களை மேசையில் நகர்த்தி நகர்த்திக் காட்டினாள். பிறகு டப்பாக்களைப் பழைய இடத்தில் எடுத்து வைத்தாள்.

பூங்கோதை டீயை முழுக்கக் குடித்தாள், அந்தச் சர்க்கரையோடு.

"காலைல முதல் பஸ் எப்பங்க?"

"மைனி, நான் அதுக்குச் சொல்லல. ஏசு மேல சத்தியமா சொல்லல."

"தெரியுதுங்க. நாந்தான் கேக்கறேன்."

"நாளைக்கு ஒங்களுக்குப் படகு…"

"கடல் எங்கீங்க போகப் போகுது?" என்றாள் பூங்கோதை. சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே லைட்டை ஒருதரம் பார்த்தாள், இந்த ஊரில் இனி எதையும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவளுக்கே பட்டது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு ஊரே வந்தது. மீராசா பையைத் தூக்கிவந்தார். தாவீது இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பாதர் வலேரியன் தூரத்திலேயே நின்று கையசைத்தார். லைட்டு எல்லோருக்கும் பின்னால், மின்கம்பிகளைத் தொடாமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. பெர்னதெத் ஒரு பெட்டி மக்ரூனை ஜன்னல் வழியே கொடுத்தாள், முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட, அந்தக் கரைக்கே உரிய இனிப்பு.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுங்க மைனி."

பூங்கோதை சிரித்தாள். "அப்படி என்கிட்டச் சொல்லி ஒரு வருசம் ஆச்சுங்க. எங்கம்மா சொல்லுவாங்க. நான் ஈரோட்டுக்குப் போனாக்கூட போனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க." பஸ் உறுமியது. அவள் கையை வெளியே நீட்டினாள், எல்லோரையும் பார்த்து, எல்லோருக்கும் மேலாக நின்றதை அண்ணாந்து பார்த்து, "போயிட்டு வர்றேனுங்க" என்றாள்.

பஸ் ஐஸ் பேக்டரி வளைவில் மறைந்தது. ஊர் மரியாதையாகத் தலையைக் குனிந்து, லைட்டு திரும்பிப் போவதற்கு வசதியாகத் தரையைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. நிமிர்ந்தபோது லைட்டு அங்கேயே நின்றது.

மத்தியானம் வரைக்கும் நின்றது. பஸ் நிறுத்தத்தின் கூரைமேல் அதன் நிழல் மேற்கிலிருந்து கிழக்கே ஏறி இறங்கியது. பஸ் சரியாக மறையவில்லை என்று அது நினைத்திருக்கும் என்றார் தாவீது. பாதர், அவசரப்படாதீர்கள் என்றார். மூன்று மணிக்கு மீராசா கையில் ஒரு போன் சார்ஜரோடு வந்தார்.

"அந்தம்மா ரூம்லயே விட்டுட்டுப் போயிட்டாக. போன் போட்டுப் பாத்தேன், சுவிட்ச் ஆப்னு வருது. சார்ஜ் எறங்கியிருக்கும்."

பெர்னதெத் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். சார்ஜரைப் பார்த்தாள், லைட்டைப் பார்த்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட மாதாவே. அது போன் வரட்டும்னு நிக்கி."

யாரும் மறுக்கவில்லை. நூறு வருடம் அது உயரத்திலிருந்து பார்த்ததோடு கேட்டும் இருக்கிறது. பஸ் ஜன்னலில் கடைசியாகச் சொல்லப்படுவது எது என்பது அதற்கும் தெரியும். ஏற்றிவிட்டால் மட்டும் வழியனுப்பல் முடிவதில்லை, போய்ச் சேர்ந்தேன் என்ற சேதி வரும்வரை விருந்தாளி நம் பொறுப்பு. புன்னைத்துறைக்காரர்கள் தங்கள் மரியாதை தங்களையே திருப்பிக் கடிக்கிறது என்பதை அப்போது உணர்ந்தார்கள், அதில் கொஞ்சம் பெருமையும் பட்டார்கள்.

வெயில் சாய்ந்தது. லைட்டின் பழைய இடத்துக்கு ஒரு டிராக்டரை ஓட்டிப்போய் அதன் முகவிளக்கைக் கடலைப் பார்க்க நிறுத்தினார்கள். அது கடல்மேல் மூக்குத்திபோல மினுங்கியது. மணி ஆறரை ஆனதும் லைட்டு வழக்கம்போலத் தானாகவே எரிந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, தப்பான இடத்திலிருந்து மிகச் சரியான வெளிச்சத்தைச் சுழற்றத் தொடங்கியது. பெர்னதெத் பேக்கரிப் போனை மேசையின் நடுவில் வைத்து அதன் எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் பன் இருந்தது. காற்று தென்கிழக்காக மாறியபோது, அதில் விசைப்படகு எஞ்சின்களின் சத்தம், இருக்கிறதா இல்லையா என்னும்படி கலந்து வந்தது.

அதே நேரத்தில் கோபிசெட்டிபாளையத்தில் பூங்கோதை பூட்டைத் திறந்து வீட்டுக்குள் வந்தாள். விளக்கைப் போட்டாள். பையைக் கீழே வைத்தாள். "வந்துட்டேன்" என்று சொல்ல வாயெடுத்து, ஆளில்லாத கூடத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள். செத்துப்போன செல்போனைச் சார்ஜ் போடலாம் என்று பையைத் துழாவினாள், சார்ஜர் இல்லை. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம், யார் காத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். வழக்கமாக நினைப்பதுதான்.

மக்ரூன் பெட்டி கையிலேயே இருந்தது. அதன் மூடியில் கஸ்பார் பேக்கரி, புன்னைத்துறை என்று சிவப்பில் அச்சடித்து, கீழே போன் நம்பரும் போட்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு செருப்புக்காலோடு அப்படியே நின்றாள். பெர்னதெத் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுக்கு மேலே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில், அதைக் கேட்டுக்கொண்டு நின்றதும் நினைவுக்கு வந்தது. மூலையில், துண்டிக்க மனசு வராமல் மாதாமாதம் பணம் கட்டிவந்த அம்மாவின் லேண்ட்லைன் போன் துணி போர்த்திக் கிடந்தது. துணியை எடுத்தாள்.

புன்னைத்துறையில் போன் அடித்தபோது கடைக்குள்ளும் வெளியேயும் நின்ற அத்தனை பேரும் மூச்சை நிறுத்தினார்கள்.

"பெர்னதெத்துங்களா? நான் பூங்கோதை பேசறேனுங்க. வந்து சேர்ந்துட்டேனுங்க."

"மைனி…" பெர்னதெத் ஜன்னல் வழியே லைட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவரு இன்னும் அங்கீங்களா நிக்கறாரு?"

"நிக்காரு மைனி. ஒங்களுக்காகத்தான் நிக்காரு."

"கொஞ்சம் குடுங்க."

பெர்னதெத் கம்பி எட்டுகிற வரைக்கும் போனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எட்டாத தூரத்துக்குத் தாவீது மேசையையே தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். ரிசீவரைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தாள். உள்ளே பூங்கோதை என்ன சொன்னாள் என்று பெர்னதெத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. வந்து சேர்ந்துட்டேனுங்க என்பது கேட்டது, பஸ்ஸில் கூட்டமில்லை என்பது கேட்டது, இவ்வளவு நேரம் நிக்க வச்சிட்டேனுங்களே என்பது கேட்டது, வீட்டுக்குப் போங்க என்பது கேட்டது. அப்போது எங்கோ ஒரு எஞ்சின் கிட்டத்தில் இருமியது. எல்லோரும் கடல் பக்கம் திரும்பினார்கள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது பெர்னதெத் வெறும் காற்றில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணலில் வட்டம் வட்டமாகத் தடம், வந்தபோது இருந்ததைவிட இடைவெளி அதிகமாக. லைட்டு ஓடியிருக்கிறது.

"போயிட்டாருங்களா?"

"போயிட்டாரு மைனி."

"சரிங்க. அவரு போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லி வைத்தாள் பூங்கோதை.

வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்து அம்மாவின் போனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியே தெருவில் பால்வண்டி போனது, பக்கத்து வீட்டில் சீரியல் முடிந்து இன்னொரு சீரியல் தொடங்கியது. போன் அடித்தது.

"மைனி, லைட்டு போய்ச் சேந்துட்டு." பின்னால் ஒரே கூச்சல், யாரோ ஒரு ஆண் குரல் பன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது. "அவுகளும் வந்து சேந்துட்டாக. அஞ்சு படகும். ஊருக்குள்ள ஏன் இவ்வளவு பெரிய தடமாக் கெடக்குன்னு கேக்காரு. விருந்தாளி வந்திருந்தாகன்னு சொன்னேன்."

"சரிங்க" என்றாள் பூங்கோதை. "நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க."

ரிசீவரை வைத்தாள். துணியை மடித்து வேறு இடத்தில் வைத்தாள். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாள்.